எடைக்குப் போடும் முன்
புனேயில் குடியமர்ந்த தமிழ்க் கடற்படை, ராணுவக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் கடக்வாஸ்லா ராணுவக் கல்விக்கழகத்திலும் லோணாவளாவின் ஐ.என்.எஸ். சிவாஜியிலும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகங்களிலும் வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்ட தமிழர்கள் ஏராளம். ஏரவாடா, விஷ்ராந்த்வாடி, வான்வாடி எங்கும் அந்த வீடுகள் இருக்கின்றன. அவற்றில் பல இப்போது இடிபட்டு அடுக்ககங்களாக எழுகின்றன. பிள்ளைகள் பெங்களூருவிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். வீட்டைக் காலிசெய்யும் வாரத்தில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் ஆள் கிடைத்துவிடுகிறது. புத்தகங்களுக்குக் கிடைப்பதில்லை. தெருவில் குரல் கொடுத்துப் போகும் ரத்திவாலா தராசோடு மாடியேறி வருகிறார்.

அந்தத் தராசில் கடற்படை வரலாற்று நூல்களும் ஏறுகின்றன. கப்பலில் வேலை பார்த்தவர் வீட்டில் கப்பல் பற்றிய புத்தகம் இருப்பது இயல்புதான். பம்பாய் நடைபாதையில் வாங்கியது, கொச்சியில் மேலதிகாரி பிரிவுபசாரத்தில் கொடுத்தது, கலைக்கப்பட்ட ஏதோ ஒரு படைமனை நூலகத்தின் முத்திரை தாங்கியது என்று அவை வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்திருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். அந்த நூல்களை யாருடையவை என்ற அடையாளத்தோடும், கூட இருந்த நூல்களோடும் சேர்த்தே கைமாற்றுங்கள். முதல் வெற்றுத்தாளில் இருக்கும் பெயரையும் தேதியையும் கிழிக்காதீர்கள், அழிக்காதீர்கள், புது பைண்டிங் போட்டு மறைக்காதீர்கள். ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு நம் ஊரிலேயே, ஏரவாடாவிலேயே ஒரு சான்று இருக்கிறது.

ஏரவாடா என்றதும் தமிழர்களுக்கு முதலில் நினைவு வருவது சிறைதான். 1932 செப்டம்பரில் காந்தி அங்கே உண்ணாவிரதம் இருந்தார். அம்பேத்கரோடு உடன்பாடு கண்ட அந்த நாட்களில் ராஜாஜியும் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் புனேயில் இருந்தார்கள். அந்தச் சிறை இருக்கும் இதே ஏரவாடாவில் மரங்கள் அடர்ந்த இன்னொரு வளாகமும் இருக்கிறது. அதுதான் டெக்கான் கல்லூரி. 1864இல் அடிக்கல் நாட்டி 1868இல் திறந்த கட்டடம். அதற்குப் பெரும் நன்கொடை தந்த ஜீஜீபாய் குடும்பத்தின் செல்வம் சீனத்துக்குக் கப்பலில் பருத்தியும் அபினும் ஏற்றிச் சேர்த்தது. திலகர் இங்கே படித்தார். விடுதியில் அவர் இருந்த அறையை இன்றும் பேணுகிறார்கள். 1934இல் அரசு இந்தக் கல்லூரியை மூடியபோது பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்காடினார்கள். 1939 ஆகஸ்டில் அது முதுகலை ஆராய்ச்சி நிறுவனமாக மறுபடி திறந்தது.

அதே 1939இல் சாத்தாராவிலிருந்து ஒரு சேகரம் இங்கே வந்து சேர்ந்தது. தத்தாத்ரேய பல்வந்த் பாரஸ்னிஸ் என்ற ஒரே மனிதர் வாழ்நாள் முழுக்கத் திரட்டிய காகிதங்கள், சித்திரங்கள், நூல்கள். இன்று மராட்டிய வரலாற்று அருங்காட்சியகம் என்று அந்த வளாகத்தில் இருப்பதன் அடித்தளம் அதுவே.

பாரஸ்னிஸ் 1870இல் பிறந்து 1926இல் மறைந்தவர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். இருபத்து நான்கு வயதுக்குள் ஜான்சி ராணியின் வரலாற்றை மராத்தியில் எழுதிவிட்டார். 'இதிகாச சங்கிரகம்' என்ற மாத இதழை நடத்தினார். சி.ஏ. கின்கெய்டு என்ற ஆங்கிலேய அதிகாரியோடு சேர்ந்து மூன்று தொகுதிகளில் மராட்டிய மக்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆட்சியாளர்களோடு அவர் கொண்டிருந்த நெருக்கமும் ராவ் பகதூர் பட்டமும் அவர் காலத்தில் பலருக்கு உறுத்தலாக இருந்தன. அந்த நெருக்கத்தை நானும் பாராட்டவில்லை. ஆனால் பழைய குடும்பங்களின் வாசல்களில் அவர் ஏறி இறங்கிச் சேர்த்தவை இல்லையென்றால் மராட்டிய முதலமைச்சர்களான பேஷ்வாக்களின் காலம் பற்றி நாம் அறிந்தது எவ்வளவோ குறைந்திருக்கும். வாயி ஊருக்குப் பக்கத்தில் மேணவலி என்ற கிராமத்தில் நானா பட்னவீஸின் வாடா, அதாவது பெரிய வீடு, இருக்கிறது. பேஷ்வா அரசின் மூளை என்று சொல்லத்தக்க அந்த மந்திரி 1800இல் இறந்தார். அவர் வீட்டுக் காகிதக் கட்டுகள் பாரஸ்னிஸ் கைக்கு வந்தன. அங்கிருந்து சாத்தாரா அருங்காட்சியகத்துக்கு, பிறகு ஏரவாடாவுக்கு. மேணவலி தப்தர், அதாவது மேணவலி ஆவணத் தொகுப்பு, என்று ஆய்வாளர்கள் இன்றும் அதை அழைப்பதைக் கவனியுங்கள். வந்த வழி பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டுகளைப் பிரித்துக் கலந்து அகரவரிசையில் அடுக்கியிருந்தால், எந்தக் கடிதம் மந்திரியின் மேசைக்கு வந்தது, எது வராமல் போனது என்பதை இனி எவராலும் சொல்ல முடியாது.

இதற்கும் கடற்படைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இதே பாரஸ்னிஸ்தான் 1904இல் மராட்டியரின் கடற்படை பற்றி 'மராட்யாஞ்சே ஆர்மார்' என்ற நூலை எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு தாவட்ஷி பிரம்மேந்திர சுவாமியின் கடிதங்களை அச்சேற்றியிருந்தார். சுவாமி என்றதும் பக்திக் கடிதங்கள் என்று நினைத்துவிடக்கூடாது. சிப்ளூணுக்கு அருகே பரசுராமர் கோயிலில் இருந்தவர் அவர். 1727இல் ஜஞ்சீரா கடற்கோட்டையை ஆண்ட சித்திகளின் ஆட்கள் அக்கோயிலைச் சூறையாடியபின் சாத்தாராப் பக்கம் தாவட்ஷிக்கு வந்துவிட்டார். பேஷ்வாக்களுக்கும் கடற்படையை நடத்திய ஆங்கிரே குடும்பத்துக்கும் குரு, கடன் கொடுப்பவர், சண்டை தீர்ப்பவர் எல்லாம் அவரே. கடற்படைத் தலைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சொன்ன புகார்கள் அவருக்கு எழுதிய கடிதங்களில் கிடக்கின்றன.

ஆங்கிரே கதையைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். சிவாஜி 1664இல் மால்வண் கடலுக்குள் சிந்துதுர்க்கத்தைக் கட்டத் தொடங்கினார். அவர் மறைந்த பின் அந்தக் கடற்கரையைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர் கான்ஹோஜி ஆங்கிரே. சர்கேல், அதாவது கடற்படைத் தலைவர் என்ற பட்டம் பெற்றவர். கொங்கண் கடலில் தம் அனுமதிச் சீட்டு இல்லாமல் போகும் கப்பலைப் பிடிப்பார். போர்த்துகீசியரும் ஆங்கிலேயரும் அதையேதான் அதே கடலில் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் செய்தால் ஆட்சியுரிமை, இவர் செய்தால் கொள்ளை. 1721இல் ஆங்கிலேய அரசின் நான்கு போர்க்கப்பல்களோடு தளபதி மாத்யூஸ் வந்தார். போர்த்துகீசியரைச் சேர்த்துக்கொண்டு கொலாபா கோட்டையைத் தாக்கினார். தோற்றுத் திரும்பினார்கள். கான்ஹோஜி 1729இல் இறக்கும்வரை அவரை ஒருவராலும் அசைக்க முடியவில்லை.

அந்தப் படையெடுப்போடு வந்த கிளெமென்ட் டவுனிங் என்ற இளநிலைக் கடற்படை ஊழியர் 1737இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். இந்தியப் போர்களின் வரலாறு என்று தொடங்கும் அதன் நீண்ட தலைப்பிலேயே ஆங்கிரேயைக் கடற்கொள்ளைக்காரர் என்று எழுதிவிட்டார். தோற்றுப்போன படையில் இருந்தவர் எழுதிய நூல் அது. பிறகு 1763இல் ராபர்ட் ஓர்ம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் பிறந்து சென்னைக் கோட்டையின் ஆட்சிக்குழுவில் உட்கார்ந்தவர். ஆங்கிரேயின் கப்பல்களை அவர் நுணுக்கமாக விவரித்திருக்கிறார். இரு பாய்மரக் குராப் 150 டன்னுக்கு மேற்படாது, மூன்று பாய்மரமுள்ளது 300 டன் வரை, துடுப்பு வலித்துப் பாயும் கல்பத் பெரும்பாலும் 70 டன்னுக்குள், அதற்கு நாற்பது ஐம்பது துடுப்புகள். ஆழம் குறைந்த அடிப்பகுதி, கரையோரமாகவே ஓடும் வேகம். 1773இல் எட்வர்டு ஐவ்ஸ், ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் வாட்சனின் கொடிக்கப்பலான 'கென்ட்'டில் மருத்துவராக இருந்தவர், தம் பயணநூலை வெளியிட்டார். 1877இல் சார்லஸ் ராத்போன் லோ, கிழக்கிந்தியக் கம்பெனிக் கடற்படையின் 1613 முதல் 1863 வரையான வரலாற்றை இரண்டு கனத்த தொகுதிகளாக எழுதினார். அவரும் அந்தப் படையிலேயே பணிபுரிந்தவர்.

எழுதியவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்துக்காரர்கள். மறுபக்கத்தில் கான்ஹோஜி எந்த நூலும் எழுதவில்லை.  அவருக்குப் பின் அவர் மகன்கள் பிரிந்தார்கள். அவர்களில் விஜயதுர்க்கத்தை வைத்திருந்த துளாஜியை ஒடுக்கப் பேஷ்வா நானாசாகேப் ஆங்கிலேயரோடு கைகோத்தார். 1756 பிப்ரவரியில் வாட்சனின் கப்பல்களும் கிளைவின் காலாட்படையும் விஜயதுர்க்கத்துக்கு வந்தன. ஆங்கிரே முன்பு கம்பெனியிடமிருந்து பிடித்து வைத்திருந்த 'ரெஸ்டொரேஷன்' என்ற கப்பலில் குண்டு விழுந்து தீப்பிடித்தது. நெருக்கமாகக் கட்டியிருந்த படை முழுவதுக்கும் தீ பரவியது. மராட்டிய மன்னர் ஆணையில் கட்டிய கடற்படையை மராட்டியப் பேஷ்வாவே எரிக்கத் துணைபோனார் என்பதை இன்றும் என்னால் ஆறுதலோடு வாசிக்க முடியவில்லை. அதே ஆண்டு கிளைவ் நம் கடலூரின் டேவிட் கோட்டைக்கு வந்து பதவியேற்றார். மறு ஆண்டு பிளாசி.

ஆக, எரிந்த படையின் பக்கத்து நியாயம் அந்த ஆங்கில அச்சு நூல்களில் இல்லை. அது இரண்டு இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று பாரஸ்னிஸ் போன்றவர்கள் காப்பாற்றிய கடிதக் கட்டுகள். மற்றொன்று, டவுனிங்கையும் லோவையும் பின்னாளில் விலைக்கு வாங்கிப் படித்த இந்தியர்கள் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியவை. கொள்ளைக்காரர் என்ற சொல்லுக்குக் கீழே யாரோ ஒருவர் கோடு போட்டிருப்பார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், ஒரு தேதி இருக்கும். கோடு போட்டவர் யார் என்று தெரிந்தால் அது வரலாறு. தெரியாவிட்டால் கறை. 1951இல் மும்பையில் நம் கடற்படைத் தளத்துக்கு ஐ.என்.எஸ். ஆங்கிரே என்று பெயர் வைத்தார்கள். 2022இல் கடற்படையின் புதிய கொடியில் சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணம் ஏறியது. 1737இன் கொள்ளைக்காரர் 1951இல் தளத்தின் பெயராகும் அளவுக்கு மனம் எப்படி மாறியது? அரசாணை ஒரு நாளில் போடப்படுகிறது. மனம் மாறுவதோ எத்தனையோ பேரின் வாசிப்பறைகளில், ஆண்டுக்கணக்கில். அதற்கான சான்று அவர்கள் வைத்திருந்த படிகளில் இருக்கிறது. அவற்றில் சில உங்கள் வீடுகளில் இருக்கலாம் என்பதால்தான் இந்த மடல்.

ராதாகுமுத் முகர்ஜி 1912இல் வெளியிட்ட 'இந்தியன் ஷிப்பிங்' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியருக்குக் கடல் மரபே கிடையாது என்று சொல்லப்பட்ட காலத்தில், உண்டு என்று ஆதாரங்களை அடுக்கிய நூல். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, கப்பல் விட்டு, 1908இல் சிறைபோய், 1912 இறுதியில் வெளியே வந்தார். அவர் விடுதலையான அதே ஆண்டில் வந்த புத்தகம். அந்த நூலின் ஒரு படி தூத்துக்குடி வணிகர் வீட்டில் இருந்ததா, திருநெல்வேலி வக்கீல் வீட்டில் இருந்ததா, எப்போது வாங்கப்பட்டது என்பது நமக்கு முக்கியம் இல்லையா? நூலின் வாசகம் இணையத்திலும் கிடைக்கும், மறுபதிப்பிலும் கிடைக்கும். யார் வாங்கினார் என்பது அந்த ஒரு படியில் மட்டுமே இருக்கும்.

வீட்டில் காகிதம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் இதைவிடப் பெரிய உதாரணமும் உண்டு. புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் மறையும்வரை நாட்குறிப்பு எழுதினார். கடற்படை வரலாறு எழுதுவதாக அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கி மரியாதை, 1746இல் பிரெஞ்சுத் தளபதி லாபூர்தொனேயின் படை சென்னையைப் பிடித்தபோது யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கிறது. 'ஆனந்தப்புரவி' என்ற கப்பலுக்கு உரிமையாளர் அவர். அந்தக் குறிப்பேடுகள் எண்பத்தைந்து ஆண்டுகள் அவர் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கலுவா மொம்பிரேன் என்பவர் அவற்றைக் கண்டெடுத்தார். நடுவில் ஏதோ ஒரு தலைமுறை, இடம் அடைக்கிறது என்று தூக்கிப்போட்டிருந்தால்? பதினெட்டாம் நூற்றாண்டுச் சோழமண்டலக் கடற்கரையைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சொன்னபடிதான் நாம் அறிந்திருப்போம், கொங்கணக் கடலை டவுனிங் சொன்னபடி அறிந்ததுபோல.

நூலில் இட்ட பெயரின் மதிப்புக்கு உதாரணம் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. சிவாஜியின் தம்பி வழி வந்த போன்ஸ்லே மரபு, பேசிய மொழிகளில் தமிழும் மராத்தியும் உண்டு, எனவே புனேத் தமிழர்களான நமக்கு இரட்டை உறவு. 1799இல் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு அவரிடம் எஞ்சியது கோட்டையும் புத்தகமும். ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்களை வரவழைத்தார். அவற்றில் தம் கையொப்பம் இட்டார். அவை இருக்கும் சரசுவதி மகால் நூலகத்துக்குப் போகிறவர்கள் ஒரு மருத்துவ நூலையோ பயண நூலையோ பார்க்கும்போது, தஞ்சை மன்னர் ஒருவர் இதைப் புரட்டியிருக்கிறார் என்று அறிவது அந்தக் கையொப்பத்தால். அந்தக் கையொப்பம் இல்லாவிட்டால் அது உலகின் பல நூலகங்களில் இருக்கும் இன்னொரு படி, அவ்வளவே. மறைமலையடிகள் வாங்கிச் சேர்த்த நூல்கள் 1958இல் அவர் பெயரிலேயே நூலகமாகத் திறந்தன. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபோது அவர் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் முழுதாக வாங்கிச் சென்னையிலேயே நிறுத்தியது. இவை எல்லாம் பிழைத்ததற்குக் காரணம், யாரும் அவற்றைச் 'சிறந்தவை', 'சாதாரணம்' என்று பிரிக்கவில்லை என்பதே.

இப்போது சந்தை பற்றி. பெயர்பெற்றவர் வைத்திருந்த படி என்றால் விலை ஏறும், உண்மை. அதனாலேயே போலிக் கையொப்பங்களும் உலவுகின்றன. தனியாக வந்த ஒரு கையொப்பத்தை நம்புவது கடினம். கூடவே கடிதம், வாங்கிய ரசீது, அதே கையெழுத்தில் இன்னும் பத்து நூல்கள் இருந்தால்தான் நம்பலாம். பிரித்து விற்றால் மெய்யான கையொப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். கடற்படை நூல்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றில் செதுக்கோவியங்களும் மடிப்பு வரைபடங்களும் இருக்கும். கோட்டை முற்றுகைக் காட்சி, துறைமுகத்தின் ஆழ அளவுகள், கப்பலின் நெடுக்கு வெட்டுத் தோற்றம். சிலர் முழுநூலாக வாங்கி, பிளேடால் அறுத்து, சட்டம் போட்டுத் தனித்தனியே விற்கிறார்கள். வரவேற்பறைச் சுவரில் அழகாகத்தான் இருக்கிறது. பின்னால் ஒரு நூல் செத்திருக்கிறது. ஜூனா பஜாரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இப்படி வரைபடங்கள் உருவப்பட்ட மேலட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளட்டையில் யாருடைய பெயரோ அழகான சாய்வெழுத்தில் மிச்சமிருந்தது. கோபம்தான் வந்தது.

பெயர்பெற்ற முன்னோர் எங்கள் வீட்டில் இல்லையே என்று நீங்கள் சொல்லலாம். பாரஸ்னிஸ் வீடு தேடிப் போன குடும்பங்களும் அப்படித்தான் சொல்லியிருக்கும். 1971 போரில் எந்திர அறையில் இருந்த ஒரு தமிழர், பணி ஓய்வுக்குப் பின் மேலை நாட்டார் எழுதிய கடற்போர் வரலாற்றைப் படித்து ஓரத்தில் 'இது தவறு' என்று எழுதியிருந்தால், அந்தப் படிக்கு இணையான படி எந்தப் பெரிய நூலகத்திலும் கிடையாது. அவர் பெயர் இன்று யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு ஆய்வு மாணவிக்கு அவர்தான் தேவைப்படுவார்.

சரி, செய்ய வேண்டியவை. முதலில் அலமாரி இருக்கிறபடியே தட்டு தட்டாகப் படம் எடுத்துவிடுங்கள். எந்த நூலுக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதும் தகவல்தான். பிறகு ஒவ்வொரு பழைய நூலின் முன் பின் வெற்றுத்தாள்களையும் முத்திரைகளையும் ஓரக்குறிப்புகளையும் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் ரயில் டிக்கெட், அழைப்பிதழ், அமுக்கிவைத்த அரசிலை எதையும் உதறிக் கொட்டாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதைக் குறித்து உறையில் போட்டு அதே நூலோடு வையுங்கள். நூலின் மேல் எதுவும் எழுத வேண்டியிருந்தால் மெல்லிய பென்சில் மட்டும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். அது பழுத்துத் தாளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். ராமபாணப் பூச்சி இருந்தால் வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். தஞ்சையில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு இடித்த பொட்டலம் வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டு அலமாரிக்கும் அதை வைக்கலாம், தாளில் நேராகப் படாமல் துணியில் முடிந்து.

கொடுக்கும் இடத்தைத் தேர்வதில் அவசரம் வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாத்தாவின் நூல்களை ஒரு நூலகத்துக்கு மனமுவந்து கொடுத்தது. அங்கே 'இந்த நூல் எங்களிடம் ஏற்கெனவே உள்ளது' என்று இரட்டைப் படிகளைக் கழித்து ஏலத்தில் விட்டார்கள். கழிக்கப்பட்டவற்றில்தான் தாத்தாவின் குறிப்புகள் இருந்தன. ஆகவே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்: சேகரம் ஒரே பெயரில் ஒன்றாக இருக்குமா? இரட்டைப் படியானாலும் குறிப்பு எழுதியிருந்தால் வைத்துக்கொள்வீர்களா? பட்டியலில் முன் உரிமையாளர் பெயர் ஏறுமா? வேண்டாதவற்றை எங்களுக்கே திருப்பித் தருவீர்களா? இந்த நான்குக்கும் நேரான பதில் தராத இடம் எவ்வளவு புகழ்பெற்றதானாலும் வேண்டாம். சிறிய இடம் ஆனாலும் தலையசைக்கும் இடம் போதும். எடுத்துச்செல்ல முடியுமென்றால் பிள்ளைகளில் ஒருவரே முழுவதையும் வைத்துக்கொள்வதும் நல்லதே. பங்கு பிரிக்கும்போது தொகுதி ஒன்று அண்ணனுக்கு, தொகுதி இரண்டு தங்கைக்கு என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று சட்டம். எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. கப்பல் குறிப்பேடு, கைவரைந்த கடல்வரைபடம் போன்றவை நூல்களுக்கிடையில் கிடைத்தால் வெளிநாட்டுப் பிள்ளையின் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அண்மைக்காலப் படைக் காகிதம் எனில், யாரிடமும் காட்டும் முன் உரிய படை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ நினைவோடு இருக்கும்போது ஒரு நாள் மாலை அலமாரி முன் உட்காருங்கள். ஒவ்வொரு நூலாக எடுத்துக் காட்டுங்கள். எந்த ஊரில் வாங்கியது, யார் கொடுத்தது, முதல் பக்கத்தில் உள்ள இந்தப் பெயர் யார், இந்த முத்திரை எந்தக் கப்பலுடையது என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். பிறகு தனித்தாளில் எழுதி, தேதி போட்டு, சொன்னவர் பெயரையும் கேட்டவர் பெயரையும் சேர்த்து நூலுக்குள் வையுங்கள். ரத்திவாலாவுக்கு அடுத்த வாரம் வரச் சொல்லலாம். செய்தித்தாள்களை அவரிடம் தாராளமாகப் போடுங்கள்.

அன்புடன்,
ஏரவாடாவிலிருந்து உங்களில் ஒருவர்